கை போகிற இடைவெளி

“கை போகாத இடத்தை வீட்டுக்குள்ள உண்டாக்காதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் பிளம்பர் கிளம்பிப் போனார். அந்த ஒரு வரி மூன்று வாரம் என்னை விடவே இல்லை. பழைய டைல்ஸை எல்லாம் பெயர்த்தெடுத்த வெறும் தரையில் நின்றுகொண்டு அவரிடம் என் ஆசையைச் சொல்லியிருந்தேன்: எந்தச் சுவரோடும் ஒட்டாமல், தனியாக நிற்கிற ஒரு சின்ன பாத்டப். குளியலறை 2.2 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம். கழிப்பறைக் கோப்பை, வாஷ்பேசின், தொட்டி மூன்றும் அதற்குள் அடங்க வேண்டும். அவர் டேப்பை நீட்டிக் கோடிச் சுவரை அளந்தார். சரியாக 1700 மில்லிமீட்டர். வழக்கமான தொட்டியின் நீளமும் அதேதான். “அளந்து கட்டின மாதிரி இருக்கு. மூணு சுவரோடயும் அணைச்சு வச்சா வேலை முடிஞ்சுது. தனியா நிக்கிறது வேணும்னா சின்னதாத்தான் போடணும், சுத்தி சந்து விழும், அந்தச் சந்துல அழுக்கு சேரும், யார் குனிஞ்சு துடைப்பாங்க?” என்றார். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசி வரி.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அது உறுத்தியது. ஆனால் என்னிடமும் ஒரு நியாயம் இருந்தது. நாங்கள் முன்பு இருந்த வீட்டில் சுவரோடு பதித்த தொட்டிதான். தொட்டியின் விளிம்பும் டைல்ஸும் சேருகிற இடத்தில் தண்ணீர் கசியாமல் இருக்கச் சிலிகான் பூசியிருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் நிறைந்து ஆள் இறங்கும்போது அது ஒரு நூல் அளவு கீழே அமுங்கும். தண்ணீர் போனதும் பழையபடி எழும். தினமும் இப்படி இழுபட்டு இழுபட்டு அந்தச் சிலிகான் ஒரு ஓரத்தில் சுவரை விட்டு விலகிவிட்டது. முதலில் கறுப்பாகப் பூஞ்சை வந்தது. தேய்த்தேன், சுரண்டினேன், புதிதாகப் பூசினேன். கீழ் வீட்டுக் கூரையில் பழுப்பு நிறத்தில் வட்டம் விழுந்த பிறகுதான், எத்தனையோ மாதமாகத் தண்ணீர் தொட்டியின் முன்பலகைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. முன்பலகையைக் கழற்றியபோது வந்த வாடையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. இனி என் வீட்டில் தொட்டி இருந்தால் அதன் எல்லாப் பக்கமும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆக, அவருக்குக் கை போக வேண்டும். எனக்குக் கண் போக வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது பழைய வழக்குதான். ஆரம்பத்தில் வீட்டுக் குளியல் தொட்டிகள் தனியாக நிற்பவையாகத்தான் இருந்தன. 1883-ல் ஜான் மைக்கேல் கோலர் கால்நடைக்குத் தண்ணீர் வைக்கிற வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் பொருத்தினால் குளிக்கவும் உதவும் என்று விற்றார். அப்படிக் கால் வைத்த தொட்டிகளின் அடியிலும் பின்னாலும் தூசியும் ஈரமும் சேர்ந்ததும், சுவரோடு பதிக்கும் தொட்டிகள் வந்து அவற்றை ஓரங்கட்டியதற்கு ஒரு காரணம். பிளம்பர் நூறு வருடத்து அனுபவத்தைத்தான் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

சரி, தொட்டிகளைப் போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். தனியாக நிற்கிற சின்னத் தொட்டி என்றால் பெரும்பாலும் 1400, 1500 மில்லிமீட்டர் நீளத்தில் கிடைக்கும். 1200, 1300-லும் உண்டு. அவை படுத்துக் குளிப்பதற்கு இல்லை, உட்கார்ந்து கழுத்து வரை முங்குவதற்கு, ஆழமாக இருக்கும். என் சுவர் 1700. 1500 வாங்கினால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து சென்டிமீட்டர் மிஞ்சும், 1400 என்றால் பதினைந்து பதினைந்து. நீளம் கூடுதலாக இருப்பதுதானே உட்கார வசதி என்று 1500-ஐ மனதில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

விற்பனைக்கு வைத்திருந்த தொட்டிகளில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் உட்காராமல் தொட்டி வாங்கவே கூடாது என்று இப்போது அடித்துச் சொல்வேன். அந்த 1500-க்கு இரண்டு முனையும் சாய்வு. யார் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்துகொள்ளலாம். பார்க்க அழகு. உள்ளே இறங்கினால் அடித்தளம் கையகலம்தான் என்பது போல இருந்தது. டேப்பை விட்டு அளந்தேன். சமதளமான அடிப்பகுதி 90 சென்டிமீட்டர். பக்கத்தில் இருந்த 1400-க்கு ஒரு முனை மட்டும் சாய்வு, மறுமுனை ஏறக்குறைய செங்குத்து. அதன் அடித்தளம் 104 சென்டிமீட்டர். வெளியே பத்து சென்டிமீட்டர் குட்டையான தொட்டி, உள்ளே பதினான்கு சென்டிமீட்டர் நீளம். இரட்டைச் சுவர் வைத்த தொட்டிகளில் இரண்டு தோலுக்கும் நடுவே உள்ள வெற்றிடம், விளிம்பின் தடிமன், சாய்வு எல்லாமே உள் அளவைத் தின்றுவிடுகின்றன. விலைச்சீட்டில் எழுதியிருப்பதோ வெளி அளவு.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. குட்டையான ஆளுக்கு நீளத் தொட்டி சுகமில்லை. கால் முட்டுவதற்கு எதுவும் இல்லாததால் தண்ணீருக்குள் உடம்பு வழுக்கி வழுக்கிக் கீழே போகும். கைகளை விளிம்பில் ஊன்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 1400-ல் என் பாதம் எதிர்ச்சுவரில் பதிந்தது, முதுகு சாய்வில் பதிந்தது, கைக்கு வேலையே இல்லை. அம்மா என்னைவிடக் குட்டை. எங்கள் இருவருக்கும் சின்னத் தொட்டிதான் சரியான தொட்டி என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

ஆழத்திலும் இதே கதைதான். விளிம்பு உயரம் 58 சென்டிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். தொட்டியின் அடி தரையிலிருந்து சற்று மேலே தூக்கி இருக்கும். அதைக் கழிக்க வேண்டும். தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழியாமல் வெளியேற்றுகிற ஓவர்ஃப்ளோ துளைக்கு மேலே தண்ணீர் நிற்காது; அதையும் கழிக்க வேண்டும். மிஞ்சியது 38 சென்டிமீட்டர். தோள் நனைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டியது விளிம்பை அல்ல, அந்தத் துளை எங்கே இருக்கிறது என்பதை.

தண்ணீரின் கணக்கு

எந்தப் பொருளில் வாங்குவது என்பதில் நான் அதிகம் குழம்பவில்லை. வார்ப்பிரும்பு நூறு கிலோவைத் தாண்டும். ஆரம்பத்தில் வெந்நீரின் சூட்டை உறிஞ்சி, அப்புறம் அதை நெடுநேரம் வைத்திருக்கும். கல்தூளும் பிசினும் கலந்து வார்த்த தொட்டி தொட்டால் பட்டுப்போல இருக்கும், ஆனால் அதுவும் கனம், சுவரும் தடிமன். அக்ரிலிக் தொட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். மேலாகக் கீறல் விழுந்தால் தேய்த்து மெருகேற்றிக்கொள்ளலாம். முதுகு பட்டதும் சில்லென்று இருக்காது. அடித்தளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தேன். மெலிதான தொட்டி டொக் என்று உள்வாங்கியது. கண்ணாடி இழை கொடுத்துக் கெட்டிப்படுத்தியது அசையவில்லை. அசையாததை எடுத்துக்கொண்டேன்.

நான் பயந்தது தளத்தின் சுமைக்கு. 1400 தொட்டியில் ஓவர்ஃப்ளோ வரை சுமார் 160 லிட்டர் பிடிக்கும்; அதுவே 160 கிலோ. ஆள் உள்ளே உட்கார்ந்தால் அவர் உடம்பு அந்த இடத்துத் தண்ணீரை வெளியேற்றிவிடும் என்பதால் மொத்த எடை அதிகம் மாறாது. தொட்டியின் எடையும் சேர்த்து ஏறக்குறைய 200 கிலோ, ஒரு சதுர மீட்டருக்குள். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை பரவலான சுமைக்குக் கணக்கிடுவதுதான் பல நாடுகளில் வழக்கம். கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன். கான்கிரீட் தளம், அதிலும் சுவர் ஓரமாக வைப்பது, பயமில்லை என்றார். மரத்தளமாக இருந்திருந்தால் உத்திரம் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார்.

ஹீட்டர் விஷயத்தை நான் கிட்டத்தட்ட கோட்டை விட்டிருந்தேன். 50 கிலோ எடையுள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கும் 160 லிட்டர் தொட்டிக்கு 110 லிட்டர் தண்ணீர் வேண்டும். 40 டிகிரி சூடு வேண்டும் என்றால், 20 டிகிரி பச்சைத் தண்ணீரோடு 60 டிகிரி வெந்நீர் சரிபாதி, அதாவது 55 லிட்டர். வீட்டில் இருந்தது 50 லிட்டர் ஹீட்டர். அதிலும் வெந்நீர் வெளியே போகப் போகப் பச்சைத் தண்ணீர் உள்ளே வந்து கலப்பதால் 50 லிட்டரும் சூடாக வராது. அரைத் தொட்டி நிறைந்ததும் குழாயில் வெதுவெதுப்பு இறங்கிவிடும். தொட்டியை மாற்றினால் ஹீட்டரையும் 80 லிட்டருக்கு மாற்றியாக வேண்டும் என்பது எனக்குச் செலவு கணக்கில் வராத செலவு. 1700 தொட்டி வாங்கியிருந்தால் அதுவும் போதாது. சின்னதைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு இன்னொரு தெம்பு.

அட்டைத் தொட்டி

இத்தனை பார்த்தும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை. தொட்டி சரி, இடம்? என் மனதில் ஒரு படம் இருந்தது. கோடிச் சுவருக்கு முன்னால், இரண்டு பக்கமும் சம இடைவெளி விட்டு, பின்சுவரிலிருந்தும் நன்றாகத் தள்ளி, நட்டநடுவில் தொட்டி. தனியாக நிற்கிற தொட்டியின் அழகே அதுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தரையில் டேப் ஒட்டி அளவு குறித்தேன். கோடு கோடாகத்தான் தெரிந்தது, தொட்டியாகத் தெரியவில்லை. கடைசியில் பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, 1400-க்கு 700, உயரம் 580 என்று வெட்டி ஒட்டி, அசல் அளவில் ஒரு தொட்டியே செய்துவிட்டேன். நடுவில் வைத்தேன். முன்னால் 120 சென்டிமீட்டர் மிஞ்சியது; கோப்பைக்கும் பேசினுக்கும் அது போதும். பின்னால் 30. நடந்து பார்த்தேன், குனிந்து பார்த்தேன். திருப்தியாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். நான் கேட்காமலேயே உள்ளே வந்து, இறங்கிப் பார்க்கிறேன் என்று புடவையைச் சற்று தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உயர்த்தினார். 58 சென்டிமீட்டர் என்பது அவருக்கு முழங்காலுக்கு நன்றாக மேலே. கால் விளிம்புக்கு மேலே போனபோது அவர் இடது கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. எதையோ தேடியது. விரல்கள் விரிந்து, காற்றில் இரண்டு முறை துழாவி, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து அட்டையின் விளிம்பைப் பிடித்தன. அட்டை மடங்கியது. நான் ஓடிப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். அம்மா காலை இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல, “எதைப் பிடிச்சுக்கிட்டு இறங்குறது?” என்று கேட்டார்.

அந்தக் கை காற்றில் துழாவியதை நான் அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய வீட்டில் பதித்த தொட்டியில் அவர் ஏறி இறங்கும்போதெல்லாம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறார். நான் கவனித்ததே இல்லை. அந்தச் சுவர் பூஞ்சை பிடித்த சுவர்தான், ஆனால் அம்மாவைத் தாங்கியது. நான் தொட்டியைச் சுவரிலிருந்து விடுவிக்கப் போய், அவருக்கு இருந்த பிடிமானத்தையும் சேர்த்து எடுத்துவிடப் பார்த்தேன். சுற்றிலும் விடுகிற இடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழகு என்பதுதான் என் கணக்கு. அந்த இடத்தில் நின்று, ஈரக் காலோடு, பிடிக்க எதுவும் இல்லாமல் ஒருவர் ஏறி இறங்க வேண்டும் என்பது என் கணக்கில் வரவே இல்லை. இறங்குவதைவிட வெளியே வருவது இன்னும் கஷ்டம். உடம்பு சூட்டில் தளர்ந்திருக்கும், பாதம் வழுக்கும்.

அப்படியென்றால் பிளம்பர் சொன்னபடி மூன்று சுவரோடும் அணைத்துவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அந்தப் பழுப்பு வட்டம் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் கைக்குச் சுவர் கிட்டே இருக்க வேண்டும்; துடைக்கிற கைக்குச் சுவர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே சுவர், இரண்டும் எப்படி நடக்கும்?

மேலே நெருக்கம், கீழே இடம்

விடை தொட்டியின் வடிவத்திலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. விற்பனை இடத்துக்குத் திரும்பப் போனபோது தொட்டிகளுக்குள் உட்காராமல், தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழிருந்து பார்த்தேன். பல தொட்டிகள் மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே குறுகுகின்றன. நான் பார்த்துவைத்த 1400-க்கு விளிம்பில் அகலம் 70, தரையில் 56. அதாவது ஒரு பக்கத்துக்கு ஏழு சென்டிமீட்டர் உள்ளடங்கி நிற்கிறது. விளிம்பைப் பின்சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டரில் நிறுத்தினால் தரையில் பதினேழு சென்டிமீட்டர் கிடைக்கும். மேலே பத்து சென்டிமீட்டரில் கை நுழையும், கீழே பதினேழில் துடைப்பான் தாராளமாகப் புரளும். பக்கங்கள் நேராக இறங்குகிற இன்னொரு தொட்டியும் அதே அளவில் இருந்தது, உள்ளே இன்னும் விசாலம். அதை விட்டுவிட்டேன். பக்கச்சுவர் தரை வரைக்கும் வந்து முடிவதால், கால் வைத்த தொட்டிபோல அடியில் தூசி நுழைகிற வழியும் இல்லை.

அப்புறம் நடுவில் என்கிற பிடிவாதத்தை விட்டேன். தொட்டியை இடதுபக்கம் தள்ளி, இடதுசுவருக்கும் விளிம்புக்கும் பத்து சென்டிமீட்டர், வலதுபக்கம் இருபது. இடதுசுவரில், அம்மா கால் வைக்கிற இடத்துக்கு நேராக ஒரு செங்குத்துக் கைப்பிடி; பின்சுவரில் உட்கார்ந்த நிலையில் எட்டுகிற உயரத்தில் இன்னொரு குறுக்குக் கைப்பிடி. அட்டைத் தொட்டியை அங்கே நகர்த்தி வைத்து அம்மாவை மறுபடி ஏறச் சொன்னேன். இந்த முறை கை எங்கே போய் நின்றதோ அந்த இடத்தில் சுவரில் பென்சிலால் குறித்தேன். எந்தப் படத்தையும் பார்த்து வைத்த உயரம் இல்லை அது. கைப்பிடி தாங்குகிற அளவுக்குச் சுவருக்குள் கெட்டியான பிடிப்பு வேண்டும் என்பதால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அந்த இடத்தைப் பிளம்பரிடம் காட்டினேன். வேஸ்ட் பைப் தரையில் எங்கே வர வேண்டும் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். தொட்டி பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் துளையும் நகரும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதை மாற்ற முடியாது. தொட்டிக்கு அடியிலும் பின்னாலும் மிச்சம் வைக்காமல் தரை முழுவதும் நீர்க்காப்பு பூசி, டைல்ஸ் ஒட்டி, வடிகாலை நோக்கிச் சரிவு கொடுத்தோம்.

குழாயில் மட்டும் ஒரு தவறு செய்யவிருந்தேன். தரையிலிருந்து எழும்பி நிற்கிற குழாய்தான் தனித் தொட்டிக்குப் பொருத்தம் என்பார்கள். இந்த அளவு அறையில் அது காலில் இடிக்கும். சுவரிலிருந்து வருகிற குழாய் என்று முடிவு செய்து ஒன்றைப் பார்த்தும் வைத்தேன், அதன் நீளம் 15 சென்டிமீட்டர். சுவர் இடைவெளி பத்து, விளிம்பின் தடிமன் நான்கு. தண்ணீர் விளிம்பிலேயே விழுந்திருக்கும். 22 சென்டிமீட்டர் நீளமுள்ளதாக மாற்றிக்கொண்டேன். குழாயின் வாய் விளிம்புக்கு நன்றாக மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டார் பிளம்பர். அழுத்தம் குறைந்தால் குளித்த தண்ணீரைக் குழாய் திரும்ப உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக.

தொட்டி வந்த அன்று, பக்கவாட்டில் சாய்த்துத்தான் கதவுக்குள் நுழைத்தார்கள். நிமிர்த்தி வைத்தால் 70 அகலம், சாய்த்தால் 58. ஒரு பக்கம் தூக்கிப் பிடித்து, சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்கிற வளைந்த குழாயான டிராப்பை மாட்டியதும், பிளம்பர் பழைய செய்தித்தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் தொட்டிக்கு அடியில் சொருகினார். ஓவர்ஃப்ளோ வரை நிரப்பி, அரை மணி நேரம் விட்டு, அடைப்பைத் திறந்தோம். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கி முடிந்ததும் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். மூன்றாவது பட்டையின் நுனியில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஈரம். மறுபடி தூக்கி, இணைப்பை இறுக்கி, புதுப் பட்டை சொருகி, மறுபடி நிரப்பினோம். இந்த முறை எல்லாப் பட்டையும் சரசரவென்று காய்ந்து வந்தது. அதற்குப் பிறகுதான் அடியில் சிலிகான் பூசினார். கிளம்புவதற்கு முன்னால் ஒரு துணியை எடுத்து, தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுவரைத் துடைத்துக்கொண்டே போனார். “போகுதும்மா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஹீட்டர் சூடானதும் அம்மாவுக்குத்தான் முதல் குளியல். வாசலில் நின்றுகொண்டேன். இடது கை சுவரில் கைப்பிடியைப் பார்க்காமலேயே போய்ப் பிடித்தது. ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். மெல்ல உட்கார்ந்தார். முதுகு சாய்ந்தது, பாதம் எதிர்ப்பக்கம் பதிந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தோள் நனையவில்லை, இன்னும் கொஞ்சம் வெந்நீர் விடு என்றார்.